ஓர்ஹுஸ் சமையலறையில் அப்பா

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என் சமையல் முறை. டென்மார்க்கில் இந்த மாணவர் விடுதியில், எங்கள் மாடியில் பத்து அறைகளுக்கு ஒரே சமையலறை. செவ்வாயும் சனியும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது, முறை வைத்து ஒருவர் சமைப்பது. செலரிக் கிழங்கைத் துண்டு போட்டு பார்லியோடு வேகவைத்தேன். பார்லி குழைந்து கஞ்சியாகிவிட்டது, கிழங்கு மட்டும் வேகவே இல்லை. எதிர் அறை ரிக்க ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாகக் கடித்துப் பார்த்தாள். "லீடன், இது சாப்பாடா, இல்ல உன் பாடத்துக்குப் பொறுக்கிட்டு வந்த கல்லா?" நான் பாறைகளைப் பற்றிப் படிக்க வந்தவள் என்பதை இங்கே யாரும் மறப்பதில்லை. டேனிஷ்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். எங்கள் ஊரில் என்றால் மூன்று தடவை "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்வார்கள்.

அம்மாவின் பார்சல் வந்திருக்கிறது. தேயிலை, சாசேஜ், ரத்தம் சேர்த்த கறுப்பு சாசேஜ். இங்கே வந்ததிலிருந்து நானாகக் கறி வாங்குவதில்லை. வீட்டிலிருந்து வந்தால் மட்டும் தின்கிறேன். இதற்குப் பெயர் கொள்கையா, பயமா? எழுபது மாடு வைத்துப் பால் கறக்கிற வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா போனில், "ராத்திரி என்னடி சாப்பிட்ட?" என்றாள். உருளைக்கிழங்கு என்றேன். "கூட?" கூட என்றால் கறி. "எல்லாம் இருந்துச்சும்மா." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வீட்டில் இன்று மாடுகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை ஊசி. வியாழன் அன்று மாட்டு டாக்டர் வந்து கழுத்தில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், வீங்கியிருந்தால் நோய். எங்கள் பண்ணையில் எந்த வருஷமும் ஒன்றும் வந்ததில்லை. அப்பா ஊசி போடுகிற நாளில்கூட விசில் அடித்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 27, வியாழன்

பாதிக்கு மேல் வீக்கமாம். அம்மா இரண்டு தடவை போன் செய்தாள், இரண்டு தடவையும் சரியாகப் பேச முடியவில்லை. "டாக்டரு தடவிட்டே போறாரு, உங்கப்பா ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிட்டே போறாரு" என்றாள். அப்பாவிடம் கொடு என்றேன். "அவரு கொட்டகையில இருக்காரு." கொட்டகையில் என்ன செய்கிறார்? "சும்மா நிக்கிறாரு."

மார்ச் 4, செவ்வாய்

முழு மந்தையையும் வெட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டது அரசாங்கம். வீக்கம் இல்லாததையும் சேர்த்து.

மார்ச் 13, வியாழன்

இன்று லாரிகள் வந்தன. கன்று போட நாள் நெருங்கியவை அதில் எத்தனையோ. எனக்குத் தெரிந்த மாடுகள் எல்லாம்— வேண்டாம், பேரெல்லாம் எழுதப் போவதில்லை.

"அவரே ஏத்தி விட்டாரு லீடன். யாரையும் கிட்ட விடல. குச்சிகூட எடுக்கல, கழுத்துல கைய வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அதுங்களும் நம்பிப் போச்சுங்க" என்றாள் அம்மா.

அம்மா அழுது முடித்ததும் போனை வைத்தேன். நான் என்ன செய்தேன்? சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். ரிக்க எதுவும் கேட்காமல் எதிரே உட்கார்ந்து அவளும் ஒன்றை எடுத்து நறுக்கினாள். தேவைக்கு மேல் மூன்று மடங்கு வெங்காயம் ஆகிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஊர் முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறதாம். அடுத்த பண்ணை மோஸியின் மனைவி பெரிய மாட்டுக்கறித் துண்டையே சுட்டு எடுத்து வந்தாளாம். ஒருத்தி குழம்பு, ஒருத்தி கொத்துக்கறி. ஃபிரிட்ஜில் இடமில்லை. அப்பா ஒன்றையும் தொடுவதில்லை. தட்டைப் பார்க்கிறார், "அப்புறம்" என்கிறார், எழுந்து வெளியே போய்விடுகிறார். டீயும் ரொட்டியும்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறாராம்.

கடைசியில் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "துப்பாக்கிய மோஸிகிட்டக் குடுத்து வெச்சிட்டேன்டி" என்றாள். நரி சுடுகிற பழைய துப்பாக்கி. பக்கத்து ஊரில் போன வருஷம் ஒருவர், இதே மாதிரி மந்தை போய், இரண்டாம் மாதம்… அதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் அப்பாவை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். இதை அலங்காரமாக எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

ஊருக்கு வரட்டுமா என்று கேட்டேன். "நீ வந்தா உன் படிப்பையும் கெடுத்துட்டோம்னு அவரு இன்னும் ஒடுங்கிப் போவாரு" என்றாள் அம்மா. சரிதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அம்மா ஆட்டுத்தொடை சுட்டிருக்கிறாள். அப்பா உருளைக்கிழங்கை மட்டும் முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தாராம். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கேன், போய்ப் பொண்ணப் பாத்துட்டு வாங்கன்னுட்டேன். மாட்டேன்னு சொல்ல அவருக்கு மாடு ஏது?" சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். பிறகு எனக்கு உத்தரவு: "நல்ல கறியா வாங்கி ஒழுங்காச் சமைச்சுப் போடு. உன் கையால குடுத்தா சாப்பிடுவாரு."

ஏப்ரல் 24, வியாழன்

அப்பா வந்துவிட்டார். கல்யாணமான புதிதில் லண்டன் போனதோடு சரி. பண்ணையை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை, காலையும் மாலையும் பால் கறக்க யார் இருக்கிறார்கள்? பேருந்திலிருந்து இறங்கியபோது அந்தச் சட்டை அவருடையதுதானா என்று பார்த்தேன். அவருடையதுதான், உள்ளே ஆள்தான் குறைந்திருந்தார். "உயரமாயிட்டியா புள்ள?" என்றார். இருபத்தொரு வயதில் எங்கே உயர்வது?

ஊருக்குப் போயிருக்கும் ஒருவன் அறையை ரிக்க அப்பாவுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். வந்ததுமே அவரை 'ஜெர்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

எல்லாம் நாசமாகிவிட்டது.

இந்த ஊர்க் கறிக்கடைக்குள் முதல் முறையாகப் போனேன். விலையைப் பார்க்காமல் வாங்கினேன், பார்த்திருந்தால் திரும்பியிருப்பேன். வீட்டில் செய்வது மாதிரியே வெண்ணெயில் போட்டு, ஓரம் முறுக, மேலே வெங்காயம். அப்பா மேஜையில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்தேன். அதே நேரம் ரிக்க உள்ளே வந்தாள்.

"அட, லீடன் கறி பொரிக்கிறாளா! ஜெர், உங்களுக்குத் தெரியுமா, வந்த நாள்லேருந்து இவ கடையில ஒரு துண்டு வாங்கி நான் பாத்ததில்ல. எங்களையெல்லாம் மிஞ்சின கீரைதின்னி!"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது. முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்து, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று போய்விட்டார். இருட்டிய பிறகுதான் வந்தார். நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருந்ததெல்லாம் போய் நிற்கிற மனுஷன்கிட்ட, உன் பொண்ணும் உன் பொழப்பை வேண்டாம்னு ஒதுக்கிட்டானு இன்னொருத்தி வாயால தெரிய வெச்சிருக்கேன். நானே ஏன் முன்னாடியே சொல்லல? என்ன பொண்ணு நான்? ரிக்க மேல் கோபம். அவள் மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. இருந்தாலும் கோபம்.

ஏப்ரல் 26, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

இன்று ரிக்கவின் சமையல் முறை. மஞ்சள் பட்டாணி, கேரட், உருளைக்கிழங்கு, எல்லாம் ஒரே பெரிய பாத்திரத்தில். அவள் அம்மா இதில் பன்றிக்கறி போடுவாளாம், இவள் போடுவதில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்தோம். அப்பாவைக் கட்டாயப்படுத்தித்தான் அழைத்து வந்தேன். அவர் கிண்ணத்துக்குள் கரண்டியை விட்டுக் கிளறினார். ரிக்கவிடம், "இதுல என்ன போட்டிருக்க?" என்று கேட்டார். பட்டாணி, கேரட் என்று அவள் சொன்னாள்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல. ஏன், பிடிக்கலயா?"

அப்பா சாப்பிட ஆரம்பித்தார். குனிந்தபடியே, யாரையும் பார்க்காமல். ஒரு கிண்ணம். இன்னொன்று. பாத்திரத்தை ரிக்க அவர் பக்கமே தள்ளி வைத்தாள். ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து குழாய்ப் பக்கம் போய் நின்றேன்.

வேற ஒண்ணும் இல்லையே. அவர் அதைக் கேட்ட விதம்! பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டதில்லை அது. பயந்து கேட்டார்.

நேற்று அவர் முகம் மாறியது என்னால் இல்லையோ?

ஏப்ரல் 27, ஞாயிறு

கடற்கரையில் நடந்தோம். நன்றாகக் காற்று. காற்றில் பேசுவது எங்கள் இரண்டு பேருக்கும் வசதி, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நானே கேட்டேன். "அப்பா, கறியைப் பாத்தா ஏதாவது பண்ணுதா?"

காலால் ஒரு கூழாங்கல்லைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பிறகு மொத்தமாக வந்தது.

"அன்னைக்கு மோஸி பொண்டாட்டி கொண்டாந்து வெச்சா. நல்ல மனசோடதான் கொண்டாந்தா. நான் கத்திய எடுத்தேன், சட்டுனு தோணுச்சு, இது யாரு? எங்கேருந்து வந்துச்சு? நம்ம லாரியில போனதா இருக்குமோ? அதோட சரி. வாய்க்குள்ள போகல புள்ள. வாசனை வந்தாலே வயித்தப் பெரட்டுது."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நாப்பது வருஷமா மாடு வித்தவன் நானு. கெழட்டு மாட்ட லாரியில ஏத்திட்டு வந்து அதே கையால கறி தின்னவன். இப்ப வந்து அழுதா ஊரு சிரிக்காதா?"

ஆக, ஐந்து வாரமாக ஊரே அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தது அவரால் பார்க்கவே முடியாத ஒன்றை. அம்மா அழுது அழுது சுட்டு வைத்தாள். நானும் போட்டிக்கு ஒரு துண்டு வாங்கி வெண்ணெயில் பொரித்தேன். எங்களுக்கெல்லாம் சாப்பாடு என்றால் கறிதான், சாப்பிடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கறி.

"நீ எப்போ நிறுத்துன?" என்றார். வந்ததிலிருந்து, அம்மா அனுப்புவதைத் தவிர என்றேன். "என்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார். "நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்றேன். சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்கவே இல்லை.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். "நீங்க ஏதாவது பண்ணிக்குவீங்களோன்னு நாங்க செத்துப் பொழச்சிட்டிருக்கோம்."

நின்றுவிட்டார். கடலைப் பார்த்துக்கொண்டே, "துப்பாக்கி வெச்ச எடத்துல இல்லன்னு பாத்தேன்" என்றார். "உங்கம்மா கெட்டிக்காரி."

அப்படியென்றால் தேடியிருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரும் விடவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று கிளம்ப வேண்டியவர். "அடுத்த சமையல் யாரோடது?" என்றார். நாளைக்கு, என்னுடையது. "அப்ப இருந்துட்டுப் போறேன். வீட்ல எனக்கென்ன வேலை?" டிக்கெட்டை வெள்ளிக்கு மாற்றினோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அப்பா உருளைக்கிழங்கு உரிப்பதை மாடியே வேடிக்கை பார்த்தது. வேகவைத்து, சுடச்சுட மசித்து, கேல் கீரையும் வெங்காயத்தாளும் பாலும் சேர்த்து, நடுவில் குழி பண்ணி வெண்ணெய். நான் வெறும் எடுபிடி. ரிக்க முழுத் தட்டையும் முடித்துவிட்டு, "இது நல்லா இருக்கு" என்றாள். ரிக்க சொன்னால் அது உண்மை. அப்பாவுக்கும் அது புரிந்திருக்கிறது, காது சிவந்துவிட்டது.

மே 14, புதன்

அம்மா போன். அப்பா முட்டை, சீஸ், உருளைக்கிழங்கு எல்லாம் சாப்பிடுகிறாராம். "டாக்டரு கறி வேணாம்னு சொல்லிட்டாராமே, எந்த டாக்டருடி? என்கிட்ட ஒண்ணும் சொல்லலயே?" பாவி மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார். நான் உண்மையைச் சொல்லவா? அது என்னுடையதில்லை. "எதுவா இருந்தாலும் சாப்பிடுறாரில்ல" என்றேன். அம்மா அதற்கு மேல் டாக்டர் பெயரைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஜூன் 9, திங்கள்

மறுபடி மாடு வாங்குவதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லையாம். மோஸி கேட்டால் பேச்சை மழைக்கு மாற்றுகிறார். தேவாலயத்துக்குப் போகிறார், கூட்டம் கலைவதற்குள் காரில் ஏறிவிடுகிறார். யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயம். வயிறு நிறைகிறது, ஆள் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

ஜூன் 28, சனி

இங்கே பரிமாற்றப் படிப்பு முடிந்தது, அறையைக் காலி செய்துவிட்டேன். ரிக்க அவளுடைய பெரிய பாத்திரத்தை என் தலையில் கட்டப் பார்த்தாள். பெட்டியில் இடமில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

வீட்டில்தான் இருக்கிறேன், அடுத்த வாரம் எங்கள் ஊர்க் கல்லூரி திறக்கிறது. காலையில் அப்பா, "சந்தைக்கு வர்றியா புள்ள?" என்றார். அம்மாவின் கையில் இருந்த டீ அப்படியே நின்றது. மார்ச்சுக்குப் பிறகு அவர் மாட்டுச் சந்தைப் பக்கம் தலைவைத்தே படுத்ததில்லை.

ஏலம் தொடங்கும் முன் உணவகத்தில் சாப்பாடு. நீண்ட மேஜை. எல்லோரும் பூட்ஸோடும் தொப்பியோடும், எல்லார் முன்னாலும் சுட்ட மாட்டுக்கறி, குழம்பு. எங்களுக்கு மோஸிக்கு எதிரேதான் இடம் கிடைத்தது. பரிமாறுகிற பெண் கேட்காமலே இரண்டு கறித்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சத்தமாகச் சொன்னார், மேஜை முழுக்கக் கேட்டிருக்கும்: "எங்க ரெண்டு பேருக்கும் முட்டையும் சிப்ஸும் குடும்மா. கறி வேணாம்."

மோஸி தலையைத் தூக்கினார். "என்னய்யா ஜெர், டென்மார்க் போய் மதம் மாறிட்டியா? இல்ல, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டர் பொய் இப்போது வரும் என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரியில்லாமதான் இருந்துச்சு, மோஸி" என்றார் அப்பா. "லாரி போன நாள்லேருந்து கறியத் தொட முடியல. தூக்கமில்ல. ரொம்ப மோசமா இருந்துச்சு. இப்பப் பரவால்ல."

சிரித்தவர்கள் தங்கள் தட்டுக்குள் பார்த்தார்கள். மோஸி கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார். பிறகு உப்பு டப்பாவை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்த மூணாவது பட்டியில நிக்கிற கிடாரிங்களப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் அப்பா, வாய் நிறைய முட்டையோடு. "ரெண்டுக்குப் பின்னங்கால் சரியில்ல. மத்தது தேவல."