ஜெயாவின் கனெக்டருக்கு வைத்த பொட்டு

பெங்களூர்

ஜெயா தாத்தாவுக்கு, உங்க வீட்டுக்காரி காத்தாயி கும்பிட்டு எழுதுவது. நான் சௌக்கியம். உங்க இருமல் தேவலையா? இதை நீங்களே படியுங்க. சாமி இல்லை என்கிற உங்க கட்சிக்காரங்க கேட்டால் சிரிப்பாங்க.

கம்ப்யூட்டர் சிப்பையும் அது உட்காரும் போர்டையும் சேர்க்கிற கனெக்டரை நம்ம பேத்தி ஜெயாதான் வரைகிறாள். தீப்பெட்டி அளவுக்குள் நாற்றங்கால் மாதிரி முந்நூறு ஊசி. ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் மின்சாரம் ஓடாதாம்.

ஆயுதபூஜை அன்று, சோதனைக்குப் போக வேண்டிய முதல் உருப்படி வீட்டில் இருந்தது. அறுப்புக் கூலிச் சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்த நம்ம பிள்ளையின் அரிவாளுக்கு வருஷா வருஷம் பொட்டு வைத்த கை இது. அவன் மகளுக்கு ஆயுதம் இதுதானே என்று சந்தனம், குங்குமம் வைத்தேன். பிறகு ஊசிக்குள் இறங்கிவிடுமோ என்று பயந்துபோய் ஈரத்துணியால் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டேன்.

சோதனையில் அது தேறவில்லை. "என் கணக்கே தப்பு அப்பாயி, ரெண்டு வருஷ வேலை பாழ்" என்கிறாள். சாப்பிடுவதில்லை. நாளைக்கு வேலையை விட்டு நிற்கப் போகிறாளாம். போலீஸ் வீடு புகுந்தபோது எதிர்த்துப் பேசியவள் நான். பொட்டு வைத்ததை இவளிடம் சொல்லத்தான் பயம்.

நிலத்து வாய்தா என்ன ஆச்சு? கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்க. இங்கே பகலெல்லாம் பேச ஆள் இல்லை.

ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். சொல்லிவிட்டுத்தான் சோறு போடுவேன். என்னை ஊருக்கு அனுப்பினாலும் சரி, அவள் கணக்கு தப்பில்லை.

காத்தாயி