நிலை வைக்கும் நாளில் சொல்லக்கூடாத சொல்

அன்புள்ள அத்தானுக்கு,

மாசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. கட்டட வேலைப் பையன்கள் பன்னிரண்டு பேர். பள்ளத்தூரில் நீங்கள் செத்துப்போன அதே வீட்டில், இன்னும் தளம் போடாத இரண்டாம் கட்டில், அவர்களைச் செங்கல் விளையாட்டுக்கு உட்கார வைத்தேன். பன்னிரண்டாவது ஆள் உங்கள் தம்பி கருப்பையா.

மும்மூன்று பேராக நான்கு கூட்டம். ஒருவன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கல் அடுக்குவான். இன்னொருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் அடுக்கிக் காட்டியதைப் பார்த்து வாயால் மட்டும் வழி சொல்வான். மூன்றாமவன் கல் எடுத்துக் கொடுப்பான். அடுக்கு சாய்ந்தால், பார்த்தவன் எவனானாலும் "விழுது, நிறுத்து" என்று கத்த வேண்டும்.

"அங்குட்டு வையிடா."

"எங்குட்டு?"

"அங்குட்டுத்தான்."

"கண்ணக் கட்டியிருக்குல்ல. வாயில என்ன கொழுக்கட்டையா? சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா, அதச் சொல்லு."

சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் "சோத்துக்கைப் பக்கம் ஒரு விரல் நகட்டு" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். "விழுது" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் யாரும் சொல்லவில்லை. கல் சாய்ந்தால் தொண்டையைச் செருமினார்கள்.

மேஸ்திரி வந்து நின்றார். "என்ன ஓவர்சியர் தம்பி, சொப்பு வச்சு வெளையாடத்தான் மெட்ராசுல படிச்சுட்டு வந்தீகளா?"

"போன வருசமே வெளையாடியிருந்தா எங்க அத்தான் இருந்திருப்பாரு" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளையாடுங்க. அந்தச் சொல்ல மட்டும் பழக்காதீக. வியாழக்கெழம ரெண்டாங்கட்டு நெலை வைக்கிறோம். அண்ணன் நின்ன முட்டுக்குத் தம்பியத்தான் நிறுத்தப்போறேன். அதுதான் மரியாத."

போன வருசம் முகப்பு வாசலின் தேக்கு நிலையைத் தூக்கிய நாளில் நான் மெட்ராசில் இருந்தேன். உங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆசாரியிடம் பிறகு விசாரித்தேன். நிலையைத் தாங்கிய முட்டுக்கட்டை வழுக்கியதை முதலில் பார்த்தது நீங்களாம். "வாயத் தெறந்தாரு தம்பி. நல்ல நாளும் அதுவுமான்னு மூடிக்கிட்டாரு. ஓடிப்போயித் தோளக் குடுத்தாரு" என்றார். அத்தனை தேக்கை ஒரு தோள் தாங்குமா? கயிற்றில் எட்டுப் பேர் நின்றார்கள். காதில் விழுந்திருந்தால் இழுத்துப் பிடித்திருப்பார்கள்.

சுடுகாட்டில் எல்லாரும் உங்களைப் புகழ்ந்தார்களாம், சத்தங்காட்டாமல் தோள் கொடுத்த மனிதர் என்று. அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒரு சொல், அத்தான். அபசகுனம் என்றால் பிறகு ஒரு சூடம் கொளுத்தியிருக்கலாமே?

கடைசி ஆட்டத்தில் நானே கண்ணைக் கட்டிக்கொண்டேன். வழி சொன்னவன் கருப்பையா. நன்றாகத்தான் சொன்னான். ஏழாவது வரிசையில் என் கைக்குக் கீழே கல் அசைந்தது. சத்தம் இல்லை. பிறகு மொத்தமும் சரிந்தது. துண்டை அவிழ்த்துப் பார்த்தால், பின்னால் இருக்க வேண்டிய அவன் கைகள் என் விரல்களின் மேல் இருந்தன. கல் அவன் கைமேல் கிடந்தது. இரண்டு நகம் பிய்ந்து ரத்தம்.

"ஏன்டா சொல்லல?"

"மேஸ்திரி நிக்கிறாக மச்சான். அவுக முன்னாடி எப்படிச் சொல்றது?"

மேஸ்திரி அவன் முதுகில் தட்டினார். "அண்ணன் மாதிரியே. சத்தங்காட்டாமக் கையக் குடுத்தான் பாருங்க."

பையன்கள் எல்லாரும் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். காலை முழுவதும் நான் சொல்லிக்கொடுத்தது அங்கேயே போயிற்று.

அக்காவிடம் இன்னும் அவன் கையைக் காட்டவில்லை. அவளுக்குத் தெரியுமுன் உங்களுக்குச் சொல்கிறேன், இனி நான் செய்யப்போவது:

1. நாளைக் காலை மறுபடி விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காரப்போவது மேஸ்திரி. மாட்டேன் என்றால் அளவு நூலை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் உட்காரும்வரை அளவு பார்க்கமாட்டேன்.

2. வியாழக்கிழமை தேங்காய் உடைக்குமுன், வீட்டுக்காரர் காதுபட, பையன்கள் பன்னிரண்டு பேருக்கும் முன்னால் "விழுது, நிறுத்து" என்று நானே சத்தமாகச் சொல்வேன். வேலை போனால் போகட்டும்.

3. முட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன்.

4. கருப்பையா வாயிலிருந்து அந்தச் சொல் வரும்வரை அவனை எந்த நிலைக்குக் கீழேயும் நிற்க விடமாட்டேன். ஊர் அவனைக் கோழை என்று சொல்லட்டும். உங்களை அப்படிச் சொல்லக் கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அக்காளுக்குத் தம்பி, உங்களுக்கு மச்சினன்,
சொக்கலிங்கம்