குருத்தோலை தின்ற மான்

சேசு, மரி, சூசை துணை

விம்கோ நகர்,
14 பிப்ரவரி, சனிக்கிழமை

அன்பு மகள் டெபோராவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

போனில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. உறைக்குள் ஒரு புகைப்படம் இருக்கிறது. இதைப் படித்து முடித்த பிறகு பார். முன்பே பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

ஞாபகசக்திப் பரிசோதனைக்கு நீ டாக்டரிடம் நாள் குறித்திருப்பதும், ஈஸ்டர் முடிந்ததும் கோயம்புத்தூரில் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் எனக்கு அறை சொல்லிவைத்திருப்பதும் லூர்து மூலம்தான் தெரிந்தது. தாயிடம் சொல்ல வேண்டியதைக் கோயில் உபதேசியாரிடம் சொல்லி அனுப்பும் பழக்கத்தை நான் உனக்குக் கற்றுத்தரவில்லை. கோபம் இல்லை. குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சாம்பல் புதனில் நெற்றியில் பூசும் சாம்பலுக்காக, போன வருடம் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த பழைய குருத்தோலைகளை நம் தெருவில் வீடு வீடாக வாங்கிக் கோயிலில் சேர்ப்பது பத்தொன்பது வருடமாக என் பொறுப்பு. பொங்கல் கழிந்ததும் தொடங்கிவிடுவேன். இந்த வருடம் இருபத்திரண்டு வீடு. பல வீட்டு ஓலை மழையில் நமுத்திருந்தது. நமுத்த ஓலையை எரித்தால் சாம்பல் பிசுபிசுக்கும். அதனால் கூடையோடு பின்சுவர்மேல் காயவைத்தேன். மறுநாள் காலை கூடை கீழே கிடந்தது. உள்ளே நான்கே ஓலை.

லூர்துதான் சொல்லாமல் எடுத்துப்போயிருப்பார் என்று நினைத்து, ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போதே கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பின் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரத்தில், பின்சுவரோரம் ஒரு புள்ளிமான் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று மாலைதான் லூர்து உனக்குப் போன் செய்திருக்கிறார். நீயும், "எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிதாம்மா இருக்கும், மான் எங்கேயிருந்து வரும்?" என்றாய்.

உண்மையைச் சொல்கிறேன். நடுவில் நானும் சந்தேகப்பட்டேன். 'கூடையைச் சுவர்மேல் வைத்தது நான். மானைப் பார்த்தது நான். செவ்வாய், 6.20' என்று எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். தினமும் காலையில் படித்தேன். கையெழுத்து என்னுடையதுதானா என்றும் பார்த்தேன்.

பிறகு, படம் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பாவின் நாற்காலியைப் பின் ஜன்னலருகே போட்டு, நீ வாங்கிக்கொடுத்த செல்போனோடு தினமும் ஐந்து மணிக்கே உட்கார்ந்தேன். முதல் ஐந்து நாளில் கிடைத்தவை: என் கட்டைவிரல் ஒன்று, ஜன்னல் கம்பி மூன்று, ஒரு பூனை. ஆறாம் நாள் மான் வந்தது. நான் அழுத்தியதும் போன் பளிச்சென்று மின்னிச் சத்தமும் போட்டது. ஒரே தாவலில் மான் மறைந்தது.

காசிமேட்டிலிருந்து நமக்கு மீன் கொண்டுவரும் சிலுவையம்மாள் ஒருத்திதான் என்னை நம்பியவள். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி எதையெதையோ தட்டினாள். "இன்னா யம்மா நீ, இத்த ஆப் பண்ணாம படம் புட்சா மான் இன்னா, நான்கூட ஓடிப்பூடுவேன்" என்றாள். போனில் இரண்டு நாள் வஞ்சிர வாசனை. பரவாயில்லை.

பின்சுவருக்கு அப்பால் மூடிக் கிடக்கிறதே தொழிற்சாலை, அதன் காவலாளி செல்வத்தையும் அவளே அழைத்துவந்தாள். அங்கே முன்பு ஓர் அதிகாரி வளர்த்த இரண்டு ஜோடி மான்கள், தொழிற்சாலை மூடிய பிறகு வேலிகாத்தான் புதருக்குள் பெருகி, மனித வாடையே ஆகாத காட்டு மான்களாகிவிட்டனவாம். "பத்து பன்னெண்டு கீது யம்மா. வெளிய சொல்லிடாத. வலை போட்டு வண்டியில ஏத்திக்கினு பூடுவாங்கோ. நல்ல எடத்துக்குத்தான்னு சொல்லுவாங்கோ. பாதி வழியிலியே பயத்துல செத்துப்பூடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே இந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடாதே.

மானை மறுபடி வரவழைக்க முருங்கைக்கீரை வைத்தேன், வாழைப்பழத்தோல் வைத்தேன். வரவில்லை. மிஞ்சிய நான்கு ஓலையில் ஒன்று நம் வீட்டுடையது. போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று நீ இங்கே உட்கார்ந்து மடித்த சிலுவை. மற்றவர் ஓலையைத் தொட எனக்கு உரிமை இல்லை. நம்முடையதைச் சுவர்மேல் வைத்தேன். மந்திரித்த பொருளை மானுக்கு வைத்ததை நேற்றுப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரித்தது கேட்டது. படத்தைப் பிரிண்ட் போட்ட ஸ்டுடியோவில், கிண்டியில் எடுத்தது என்று இன்று காலை ஒரு பொய் சொன்னேன். அது அடுத்த தடவைக்கு.

முந்தாநாள் வியாழக்கிழமை, காலை 6.22. மான் வந்தது. கொம்பின் நுனி படத்துக்கு வெளியே போய்விட்டது. ஒரு கம்பி குறுக்கே வருகிறது. பின்னால் புகைபோக்கி சாய்ந்திருக்கிறது. ஆனால் புள்ளிகளை எண்ணலாம். வாயில் உன் சிலுவை தொங்குகிறது.

அன்றே லூர்து வீட்டுக்குப் போனேன். வெகுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "இது துன்ற அழகுக்கு இன்னும் ஒரு கூடை தரலாம் யம்மா" என்றார். சாம்பலுக்குப் பக்கத்துத் தெரு ஓலை போதுமாம். எல்லோர் முன்னாலும் குற்றம் சொன்னவள் எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாளை பூசை முடிந்ததும் கேட்பேன். காரணம் மட்டும் சொல்லமாட்டேன்.

நீ குறித்த நாளில் டாக்டரிடம் போகிறேன். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்பேன். போன வாரம் அடுப்பில் பாலை மறந்தது உண்மை. அதையும் சொல்வேன். கோயம்புத்தூர் அறையை மட்டும் வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

ஈஸ்டருக்கு என்றில்லாமல் குருத்தோலை ஞாயிறுக்கே வா. இரண்டாவது நாற்காலியைத் துடைத்து ஜன்னலருகே போட்டிருக்கிறேன். ஐந்தரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பேசக் கூடாது.

படத்தோடு காகிதத்தில் மடித்து வைத்திருப்பது, மான் போட்டுவிட்டுப் போன மிச்சம். பாதிச் சிலுவைதான். மந்திரித்தது, எறிந்துவிடாதே. வரும்போது எடுத்துக்கொண்டு வா. மீதியை மடிக்க இங்கே ஓலை இருக்கும்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும் அம்மா,
பிலோமினா சவரிநாதன்