குறட்டையும் இருபத்தேழு தோல்விகளும்

ஓட்டமாவடி
03.07.2025

என்மேல் அன்பில்லாத அன்புள்ள றுமைஸா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து இருபத்தைந்து நாளாகிவிட்டது. ஆனால் வியாழக்கிழமை பஸ்ஸில் உம்மா அனுப்பும் மாசிச் சம்பல் போத்தலை உங்களால் தடுக்க முடியாது. அதனால் இந்தக் கடிதத்தை அதிலேயே ரப்பர் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

பெருநாள் லீவில் நீங்கள் விட்ட குறட்டையைப் பதிவுசெய்து, உங்கள் போனிலிருந்தே ஆசிரியர் கல்லூரி விடுதிக் குழுவுக்கு "மழை வருகுது" என்று அனுப்பியது பகிடிக்குத்தான். நாற்பத்திரண்டு பேரைச் சிரிக்க வைப்பது புண்ணியமில்லையா?

ஊர்ப் புதினம் ஒன்று. போன் திருத்தும் அசனார் காக்காவின் கடைக்குப் பழைய கேம் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. பின்பக்கம் கொழுத்த பழைய ரீவியில் இரண்டு பேர் அடிபடும் விளையாட்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தது. போனில் சுடுகிற விளையாட்டில் நான் ராசா என்பதால் ஏளனமாகப் போய்க் குந்தினேன். எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அமத்தினேன். என் ஆள் ஒரு மொட்டைத் தலையன். அவன் பாட்டுக்குச் சுவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். எதிரில் ஆறாம் வகுப்பு றிஸான், கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டாத சாமான். அவனிடம் மட்டும் இருபத்தேழு தரம் தோற்றேன். அடியேன் என்றால் அடி வாங்குகிறவன் என்று இப்போதுதான் விளங்கியது.

கடைச் சட்டம் தெரியுமா? தோற்றவன் எழும்பி அடுத்தவனுக்குக் கதிரையைக் கொடுத்துவிட்டு, வென்றவனுக்கு மட்டையால் விசிற வேண்டும். அங்கே ஃபேன் இல்லை. ஒரு கிழமையாக நான்தான் ஃபேன்.

அடி வாங்கிய தம்பி,
பஸ்லான்

---

மட்டக்களப்பு
06.07.2025

பஸ்லானுக்கு,

வெறும் போத்தலைத் திருப்பி அனுப்புகிறேன், அதனால்தான் இந்தத் துண்டு. சம்பலில் உப்புக் கூடிவிட்டது. உம்மாவிடம் சொல்லாதே.

நாற்பத்திரண்டு பேரும் ஒரு தரம் சிரித்ததோடு விடவில்லை. இங்கே என் பெயர் ஜெனரேட்டர். கரண்ட் போனால், "றுமைஸாவைப் படுக்கச் சொல்லுங்க" என்கிறார்கள். அறையில் எல்லாரும் நித்திரையான பிறகுதான் நான் தலை சாய்க்கிறேன். அதையும் உன் புண்ணியத்தில் சேர்த்துக்கொள்.

இனி எழுத வேண்டாம்.

றுமைஸா

பி.கு.: அந்த மொட்டைத் தலையன் ஏன் சுவரோடு சண்டை பிடித்தான்?

---

ஓட்டமாவடி
10.07.2025

மதிப்புக்குரிய ஜெனரேட்டர் ராத்தாவுக்கு,

பி.கு. போட்டால் பாதிக் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். றிஸானின் ஆள் மொட்டையனின் தலைக்கு மேலால் பாய்ந்து பின்னால் நின்றிருக்கிறான். அது எனக்குத் தெரிய ஒரு கிழமை பிடித்தது.

இப்போது நான் வேறு ஆள். ஒரு வித்தை கண்டுபிடித்துவிட்டேன். இந்த விளையாட்டில் விழுந்து கிடக்கிறவனை அடிக்க முடியாது. அடித்தால் கை அவனுக்குள்ளால் போய்விடும். ஆனால் அவன் எழும்புகிற கணத்தில் காலை வாரலாம். விழுவான். எழும்புவான். திரும்பவும் வாரலாம். இப்படியே தொடர்ந்து பத்தொன்பது ஆட்டம் வென்றேன். முறை வைத்து விசிறினார்கள். எனக்குச் சளியே பிடித்துவிட்டது.

நேற்று றிஸான் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "உங்களோட விளையாட ஏலா காக்கா. எழும்பவே விடுறீங்க இல்ல" என்று அழுதபடி போனான். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். "என்ன மனே, இனிக் கதிரை முழுக்க உனக்குத்தான். ஆறுதலா இரி" என்றார் அசனார் காக்கா. பெட்டியோடு தனியே விளையாடினேன். வென்றேன். விசிறத்தான் ஆளில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் பகிடி விளங்குவதில்லை, என்ன?

வெற்றி வீரன்,
பஸ்லான்

---

மட்டக்களப்பு
13.07.2025

பஸ்லான்,

றிஸானுக்கு நன்றாக விளங்கியிருக்கிறது. உனக்குத்தான் இல்லை.

வியாழக்கிழமை எனக்குப் பயிற்சிப் பாடம். முன்னால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள், பின்வரிசையில் புள்ளி போட வந்த விரிவுரையாளர். பெருக்கல் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோதே கண் அயர்ந்து, நெற்றி கரும்பலகையில் முட்டிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். விரிவுரையாளர் "ஆயத்தம் போதாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இருபத்து நாலாந் திகதி இன்னொரு தரம் நடத்த விடுகிறார்கள். அதுவும் பிழைத்தால் இந்த வருடம் நான் சித்தியடைய மாட்டேன்.

ஆயத்தம் செய்திருந்தேன், தம்பி. நித்திரைதான் இல்லை.

பகிடியோடு வரும் கடிதத்தை இனிப் பிரிக்கவே மாட்டேன்.

றுமைஸா

---

ஓட்டமாவடி
17.07.2025

ராத்தா,

இதில் பகிடி இல்லை. தேடிப் பார்த்தேன், வரவுமில்லை.

அந்தப் பழைய பெட்டிகூட விழுந்து கிடக்கிறவனை அடிக்க விடாது. நான் உங்களை நித்திரையில் அடித்தேன். பரீட்சைக்கு மூன்று நாள் முழித்துப் படித்துவிட்டு வந்து படுத்திருந்தீர்கள். நான் பக்கத்தில் போனோடு குந்தியிருந்தேன். என்னை மன்னியுங்கள்.

உங்கள் அறையிலிருக்கும், கிரான் ஊர்ச் சுலோஜனா அக்காவின் எண் உம்மாவின் போனில் இருந்தது. எடுத்துப் பேசினேன். என் குரல் பதிவு ஒன்றை உங்கள் குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். நாலு தரம் பேசி அழித்துவிட்டு, ஐந்தாம் தரம் பேசியது. உங்களைக் கேட்காமல் செய்கிறேன். அதுவும் பிழையென்றால் இரண்டுக்கும் சேர்த்து ஏசுங்கள்.

றிஸானின் வீட்டுக்குப் போனேன்.

"கால் வாரமாட்டீங்களே?"

"மாட்டன்."

"அல்லாஹ்வுக்காக?"

"அல்லாஹ்வுக்காகடா."

வந்தான். எட்டுத் தரம் தோற்றேன். கை வலிக்க விசிறினேன். அவன் எனக்கு எதிரில் இருந்ததே போதுமாக இருந்தது.

பாடத்துக்கு முன் நித்திரை கொள்ளுங்கள்.

பஸ்லான்

---

மட்டக்களப்பு
25.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதிவைச் சுலோஜனா அறையில் சத்தமாகவே போட்டாள். "அது மழையில்ல. களைச்சுப்போன ஆள் நித்திரை கொண்ட சத்தம். களவா எடுத்தவன் நான்தான், பஸ்லான்." கடைசியில் உன் குரல் உடைந்ததை அழிக்க மறந்துவிட்டாய்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு நான்தான் முதலில் படுத்தேன். விடிந்ததும் சுலோஜனாவிடம், "குறட்டை விட்டேனா?" என்று கேட்டேன்.

"ஓம்கா, விட்டாய்தான். சிரிச்சம். பிறகு நாங்களும் படுத்திட்டம்" என்றாள்.

நேற்றுப் பாடம் நடந்தது. பெருக்கலை விடை வரை செய்து முடித்தேன். விரிவுரையாளர் கை தந்து பாராட்டினார்.

வரும் வியாழன் மூன்று நாள் லீவில் வருகிறேன். அசனார் காக்காவைக் கேட்டு அந்தப் பெட்டியை ஒரு பின்னேரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து வை. எனக்கு ஒரு பொத்தானும் தெரியாது. அதற்காக நீ விட்டுத் தரக் கூடாது. இந்த முறை நான் முழித்திருப்பேன். முடிந்தால் அடித்துப் பார்.

உன் ராத்தா,
றுமைஸா