சாக்பீஸ் கோடு போடாத நட்டு

அன்புத் தம்பி சரவணா, என் கண்ணு,

எங்களை விட்டு நீ போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. அவிநாசியில் பனியன் துணி பின்னும் நம் நிட்டிங் யூனிட் வழக்கம்போல ஓடுகிறது. மாடியில் உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்ட நீ வாங்கிய நாற்காலி, கைப்பிடி, மேசைக்கடியில் விமானத்தின் மூக்கைத் திருப்புகிற இரண்டு பெடல். நாற்பது வயதில் என்ன விளையாட்டு என்று கேலி செய்தேனே, எல்லாம் இருக்கிறது.

போன மாதம் கோமதி யூனிட்டுக்கு இறங்கி வந்தாள். "மாமா, அவரு பெடலு மிதிக்க வரமாட்டீங்குதுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாள். நீ போன பிறகு உன் மனைவி என்னிடம் கேட்ட முதல் உதவி. இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் எதற்கு?

நமக்கு எது இறுகினாலும் நீடில் ஆயில்தானே. நிட்டிங் மெஷின் ஊசிகளுக்கு விடுவதை எடுத்துப் போய்த் தாராளமாக விட்டேன். கையால் தள்ளிப் பார்த்தபோது இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் யூனிட்டிலிருந்து ஏறும் பஞ்சுத் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டிக் களியாகிவிட்டது. முன்பைவிட மோசம்.

வேறு வழியில்லாமல் பெடலைப் பிரித்தேன். பனியன் வேஸ்ட் துணியால் எண்ணெயும் பஞ்சும் போகத் துடைத்தேன். பெடல் ஓடுகிற தடத்தில் மட்டும் சிலிகான் கிரீஸைத் துளி தடவி மறுபடி மாட்டினேன். ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோமதி உட்கார்ந்து மிதித்தாள். முகம் வாடிவிட்டது.

"லேசா இருக்குதுங்க மாமா. நெச பிளேன்ல கெட்டியாத்தான் இருக்கும்னு சொல்லி, அவரு ஸ்பிரிங்க முறுக்கி வெச்சிருந்தாருங்க."

"எத்தன கெட்டி, அம்மிணி?"

"எனக்கெப்படீங்க தெரியும்? அவரு இருந்தப்ப நான் ஒருநாளும் மிதிச்சதில்லீங்க. அப்பறம் ஒக்காந்தப்ப இறுகிக் கெடந்துச்சுங்க. உங்களத்தானே கூப்பிட்டுட்டே இருந்தாரு."

அந்த ஸ்பிரிங்கை இறுக்கும் நட்டைக் கழற்றியவன் நான். அது எந்த இடத்தில் நின்றது என்று பார்க்கவே இல்லை. எந்த நட்டைத் தொடுமுன்னும் அது நின்ற இடத்தில் சாக்பீஸில் கோடு போடச் சொல்லி ஆபரேட்டர்களை நாள் முழுக்கத் திட்டுகிறவன் நான்தான். உன் கால் பழகிய இறுக்கம் அந்த நட்டில் இருந்தது. அதை என் கையாலேயே தொலைத்துவிட்டேன்.

"அண்ணா, ஒருவாட்டி ஒக்காந்து பாருங்க" என்று எத்தனை ஞாயிறு கூப்பிட்டாய். சாயப்பட்டறைக்குத் துணி போகணும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். ஒரே ஒரு முறை மிதித்திருந்தால் இன்று என் காலுக்காவது தெரிந்திருக்கும். யாரிடம் போய்க் கேட்பேன், தம்பி? என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இனி ஞாயிறுதோறும் மாடிக்கு வருகிறேன். முதலில் கோடு போடுவேன். நட்டைக் கால் சுற்று முறுக்கி, மிதித்து, இதுதானா என்று உன்னைக் கேட்பேன். நீ சொல்லப் போவதில்லை. இருந்தாலும் வந்து உட்காருவேன்.

இப்படிக்கு,
கூப்பிட்டபோது உட்காராத
உன் அண்ணன்