ஃபாதர் அனிசெத்தோ பேசாத ஞாயிறு

அன்பு மகள் லிவாய்வாய்க்கு,

மாதாவின் தயவில் நானும் உன் தம்பி ஹெர்மோவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் மூட்டுவலிதான் போகமாட்டேன் என்கிறது. தோஹாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு கிளாரிட்டா லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறாள், அவளிடம் கருவாடும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த திங்கள் ஓட்டு. மைக் வண்டிச் சத்தத்தில் நம் கோழிகள் முட்டையிடவே மறந்துவிட்டன. ஆற்றைத் தோண்டி மணல் அள்ளுகிறவர்களுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று ஃபாதர் அனிசெத்தோ தவக்காலத்தில் பிரசங்கம் வைத்ததையும், தோண்டுவது மேயரின் மச்சான் என்பதால் மேயருக்கு முகம் கறுத்ததையும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். “சாமியார் சாமியைப் பத்திப் பேசட்டும், ஆத்தைப் பத்தி நாங்க பேசிக்கிறோம்” என்று அவருடைய ஆட்கள் ஆயருக்கு ஒரு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். போடட்டுமா என்று கேட்டதற்கு நீ, “போட்டுடுங்கம்மா, ஹெர்மோ வேலைதான் முக்கியம், பிரசங்கம் இல்லாட்டியும் பூசை பூசைதானே” என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை மகளே. நகராட்சியில் அவனுடையது ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை, புதுப்பிக்கிற பேனா மேயருடையது. போதாததற்கு உன் கல்யாணத்துக்குச் சாட்சியாக, ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி அவரை வாசலில் போய் அழைத்தவளும் நானே. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர்தான் ஞானத்தகப்பன், அதனால் பாதி ஊருக்கு அவர் முன்னால் நாக்கு எழும்பாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தேர்தல் முடியும்வரை பிரசங்கத்தில் அரசியல் கூடாது என்று ஆயரிடமிருந்து உத்தரவும் வந்துவிட்டது.

போன ஞாயிறு வாசகம் வாசிக்கும் முறை என்னுடையது. மேயர் குடும்பத்தோடு முதல் பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். நற்செய்தி முடிந்ததும் ஃபாதர், “நான் பேசக் கூடாதுன்னு உத்தரவு, கீழ்ப்படியறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிஷம் பேசி நம்மைத் தூங்கவைக்கிற மனுஷன் அன்று பத்து நிமிஷம் சும்மா இருந்தார், ஒருவர்கூடக் கண் அசரவில்லை. பிறகு விசுவாசிகள் மன்றாட்டு. தாளில் இருந்த நான்கு மன்றாட்டையும் நான் வாசித்தேன், ஒவ்வொன்றுக்கும் சனங்கள் வழக்கமான பதிலைச் சொன்னார்கள். கடைசியாக அவரவர் கருத்துக்காக எப்போதும் மௌனமாகத்தானே வேண்டிக்கொள்வோம், அன்று ஃபாதர் எழுந்து, “இன்னிக்கு வாய்விட்டு வேண்டிக்குங்க, வேண்டிக்கிறதுக்கு யார் உத்தரவும் வேண்டாம்” என்றார்.

மீன் விற்கிற ஒலிம்பியா எழுந்தாள். சந்தையில் அவள் போடுகிற சத்தம் உனக்குத் தெரியும், இங்கே குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். “போன நவம்பர் வெள்ளத்துல போன என் வீட்டுக்காரருக்காகவும், கரையைத் தோண்டினவங்க மனசு திரும்பணும்னும் மன்றாடுறேன்” என்றாள். கோயில் முழுவதும், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே என்றது. சிறு வயதிலிருந்து ஊறிய பழக்கம், மேயரும் சேர்ந்தே சொல்லிவிட்டார், சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. அப்புறம் ஒவ்வொருவராகப் பதினோரு பேர் எழுந்தார்கள். வீடு போனவர், வயல் போனவர், மேயரையே ஞானத்தகப்பனாக வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட இரண்டு ஜோடி. யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருஷம் இந்தச் சனங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் இவர்களை நான் அறியவில்லையே என்று இருந்தது.

மைக் என் கையில்தான் இருந்தது. பாடகர் குழுவில் கிடாரோடு நின்ற ஹெர்மோவைப் பார்த்தேன், பார்த்தும் வாய் நிற்கவில்லை. “சாமியார் வாயைக் கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவங்களுக்காக, அதுல முதல் பக்கத்துல இருக்கிற எனக்காக மன்றாடுவோம்” என்றேன். பதிலே இல்லை. பாதிப்பேர் கையெழுத்துப் போட்டவர்கள், எப்படிச் சொல்வார்கள். பீடத்திலிருந்து ஃபாதர் ஒருவர் மட்டும், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு கோயில் முழுவதும் அதையே திருப்பிச் சொன்ன சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

நேற்று ஹெர்மோ மதியத்துக்கு முன்பே, ஆபீஸில் வைத்திருந்த தன் காப்பிக் கோப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டான். வேலையைப் புதுப்பிக்கிற லிஸ்ட்டில் பெயர் இல்லையாம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், “அழாதீங்கம்மா, மூணாவது மன்றாட்டை ரயில் வேகத்துல வாசிச்சிட்டீங்க, அடுத்த தடவையாவது நிதானமா வாசிங்க” என்றான். இனி கொஞ்ச நாள் வீட்டுப் பாரம் உன் தலையில்தான் மகளே, கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன்னையும் உன் வீட்டுக்காரரையும் ஆண்டவர் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். கருவாட்டை ஜன்னலைத் திறந்துவைத்து வறு, போன தடவை கட்டடமே சண்டைக்கு வந்தது. என் கையெழுத்தை எடுத்துவிடச் சொல்லி ஆயருக்கும் இன்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மனுவில் யாருக்கும் தெரியக் கூடாதென்று கிறுக்கியிருந்தேன், ஆயர் கடிதத்திலும் இதிலும் முழுப் பெயரைப் போடுகிறேன்.

உன் அம்மா,
பெர்பெத்துவா மக்பந்தாய்