ரத்தத்தைப் பச்சையாக்கிய அறை

மச்சான்,

நேற்று மகள் வீட்டு டிவியில் ஏதோ ஒரு ஜப்பான் படம் தொடங்கியது. முதலில் கறுப்புத் திரை, அதில் ஒரு வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை. பார்த்ததுமே எனக்கு வாய் கசந்துவிட்டது. நாம் வேலை பார்த்த அந்தப் பாழாய்ப்போன கம்பெனி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நீதான் இல்லை. போன மாதம் கனடாவிலிருந்து உன் தங்கை போன் போட்டு, "அண்ணா நித்திரையிலேயே போயிட்டார்" என்றாள். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. நேற்று அந்த நாரையைப் பார்த்ததும் வந்தது பார், பேரப்பிள்ளைகள் பயந்துபோய் டிவியை அணைத்துவிட்டார்கள்.

துபாய் தேராவில் நம் ஆபீஸ் மாடி ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் இல்லாத அறை, இரண்டு விசிஆர், ஒரு டிவி, சூடான கேசட் வாசனை. தொண்ணூறுகளின் தொடக்கம். அதற்கு முன்னால் அந்தக் கம்பெனி வீடியோ கேம் விற்றுக்கொண்டிருந்தது. அது படுத்துவிட்டதால் படம் விற்கக் கிளம்பினார்கள். விற்காத கேம் பெட்டிகள் நம் குடோனில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. வளைகுடா முழுக்கப் போகும் படங்களை முதலில் பார்த்து, சென்சார்காரர்கள் எதைத் தூக்குவார்கள் என்று நிமிஷம் வினாடியோடு எழுதி வைப்பது நம் வேலை. வெட்டு, குத்து, தலை, குடல். காலையில் பரோட்டா தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் மதியத்துக்குள் முப்பது பேர் செத்திருப்பார்கள்.

நான் ரசித்தேன், பொய் சொல்லமாட்டேன். வாள் வீசும்போதெல்லாம் ஸ்கேலை எடுத்து உன் கழுத்தில் வைப்பேன். நீ சிரிக்கமாட்டாய். "இருபத்தொண்டு நிமிசம், நாலு வினாடி, கை" என்று குனிந்து எழுதுவாய். "கீழக்கரைக்காரருக்கு எல்லாம் பகிடி" என்று என் ஊரைச் சொல்லித் திட்டுவாய். உன் பட்டியலில் ஒருநாளும் தப்பு வந்ததில்லை.

அப்புறம் அந்தப் படம் வந்தது. முச்சந்தியில் ஒருவனை முட்டி போட வைத்து, கையைப் பின்னால் கட்டி, ஊர் பார்க்கத் தலையில் சுடுகிற காட்சி. நீ பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். கழுவும் தொட்டியில் நீ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட போடா, தக்காளி சாஸுக்குப் போய் இப்படியா!" அந்த வார்த்தைக்கு அப்போதே என் வாயில் போட்டிருக்கலாம் நீ.

அன்றைக்குத்தான் சொன்னாய். உன் தம்பியை யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தியில் ஆயுதக்காரர்கள் இப்படித்தான் முட்டி போட வைத்தார்கள் என்று. நீ கூட்டத்தில் நின்று பார்த்தாய் என்று. பிறகு உன்னையும் தேடியதால், ஏஜென்ட் ஒருத்தனைப் பிடித்து, வேறு ஒருவன் பெயரில் பாஸ்போர்ட் எடுத்து வந்தாய் என்று. துபாயில் உன்னைக் கூப்பிடுகிற பெயரே உன் பெயர் இல்லை. "திருப்பி அனுப்பினால் என்ரை கதை முடிஞ்சுது. ஒருத்தருக்கும் கதைச்சுப்போடாதை மச்சான்" என்றாய். நான் உன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். அந்தக் காட்சியையும் நானே பார்த்துக்கொள்கிறேன், நீ அந்தப் பக்கமே வராதே என்றேன். இரண்டு வாக்கு கொடுத்தேன், இரண்டையும் காப்பாற்றவில்லை.

அந்த வாரம் ஜப்பானிலிருந்து ஒரு பெரிய ஆள் வந்தார். படங்கள் வெட்டுப்பட்டு ஒரு மணி நேரமாகச் சுருங்குகின்றன, கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். கேம் விற்ற காலத்து யுக்தி ஒன்றை எடுத்துவிட்டார். "விளையாட்டில் ரத்தத்தைப் பச்சையாக்கினோம், யாரும் கோபப்படவில்லை. படத்திலும் அப்படியே செய்யுங்கள்." வண்ணம் மாற்றும் மிஷின் ஒன்றும் வந்து இறங்கியது. குமிழைத் திருப்பினால் ரத்தம் பச்சையாகும், கூடவே முகமும் பச்சையாகும். முதல் படத்தில் வாளோடு நின்ற கதாநாயகன் வெண்டைக்காய் மாதிரி ஆனதைப் பார்த்து நீகூடச் சிரித்துவிட்டாய். ரத்தம் தெறிக்கிற வினாடிக்குச் சரியாகத் திருப்பி, சரியாக நிறுத்த வேண்டும். அதற்காக ஒரே காட்சியைப் பத்து, இருபது தடவை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும்.

முச்சந்திக் காட்சியின் முறை வந்த அன்று, வெற்றுக் கேசட் எடுத்து வர நான் குடோனுக்குப் போனேன். அங்கே பிரித்து, பழைய டிவி ஒன்றில் மாட்டிக் கிடந்தது ஒரு கேம் பெட்டி. ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். சுடுகிற விளையாட்டு. ஒரு ஆட்டம் ஐந்தாயிற்று. சுவருக்கு இந்தப் பக்கம் நான் டமால் டமால் என்று சுட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நம் திருச்சி மேனேஜர் வந்து, "இன்னும் முடியலையா? சாயங்காலம் பார்சல் போகணும்யா" என்று உன்னை மிஷினுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார். உன் பின்னாலேயே நின்றிருக்கிறார். "மறுபடி போடு. இன்னொரு தடவை. சுடுறவன் ஸ்டைலைப் பாருய்யா!"

எத்தனையாவது தடவையோ தெரியாது. நான் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நீ விசிஆரைத் தூக்கி அந்த மனுஷன் முகத்தில் இறக்கிக்கொண்டிருந்தாய். புருவம் பிளந்து தொங்கியது. கார்ப்பெட்டெல்லாம் ரத்தம், செக்கச் செவேலென்று. நீ நிறுத்தவில்லை. அவர் கையால் முகத்தை மூடினார், கை மேல் அடித்தாய். பின்னாலிருந்து உன்னைக் கட்டிப் பிடித்தேன். திரும்பி என் வாயில் ஒரு குத்து விட்டாய். முன்பல் ஒன்று தெறித்து டிவிக்கு அடியில் போய் விழுந்தது. உன் கண் என்னைத்தான் பார்த்தது, ஆனால் நான் யாரென்று அதற்குத் தெரியவில்லை. யா அல்லாஹ், ஐந்து வருஷம் ஒரே ரூமில் படுத்தவன் கண்ணா அது!

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

மறுநாள் காலை மேனேஜரைப் பார்க்கப் போனேன். புருவத்தில் ஏழு தையல். போலீசுக்குப் போய்விடாதீர்கள் என்று கெஞ்சத்தான் போனேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நானும் வாயை மூடிட்டு நின்னிருக்கலாம். பையன் நல்ல வேலைக்காரன். ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லு. கலாஸ்."

கலாஸ். முடிந்துவிட்டது மச்சான். அத்தோடு ஒரு சலாம் போட்டுவிட்டு வந்திருந்தால் நீ அடுத்த வாரம் வேலைக்கு வந்திருப்பாய். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? அவர் தன்னை நல்லவராக்கிக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. நீ உட்கார்ந்து பார்த்தது என்னவென்று அந்த ஆளுக்கு உறைக்க வேண்டும், குறுகிப்போக வேண்டும் என்று வெறி வந்தது. குடோனில் உட்கார்ந்து ஆடியவன் நான், கோபம் மட்டும் அவர் மேல். மேஜையைத் தட்டினேன். "என்ன தெரியும் சார் உங்களுக்கு? தம்பியைக் கண்ணெதிரே சுட்டுட்டானுவ. அவனையும் தேடுறானுவ. பேரைக்கூட விட்டுட்டு வந்தவன் சார். பாஸ்போர்ட்டுல இருக்கறது அவன் பேரே இல்ல!"

அவர் முகம் நான் நினைத்தபடி குறுகவில்லை. வெளுத்துப்போயிற்று. "அது அவன் பேர் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பிள்ளைகுட்டிக்காரர், பயந்த மனுஷன். கள்ளப் பாஸ்போர்ட் ஆளை வைத்திருந்தால் நாளைக்குத் தானும் உள்ளே போக வேண்டும் என்று அன்று பகலுக்குள் கஃபீலிடம், நமக்கு விசா கொடுத்த அரபியிடம், சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் உன் கையில் கொழும்பு டிக்கெட். நான் அவர் காலில் விழுந்தேன். விழுந்து என்ன பிரயோஜனம்?

உனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. அடித்ததால் அனுப்புகிறார்கள் என்றுதான் நீ நினைத்தாய். ஏர்போர்ட்டில் என் வீங்கிய வாயைப் பார்த்து உன் கண் கலங்கியது. "மன்னிச்சுக்கொள் மச்சான். உன்ரை பல்லை உடைச்சுப்போட்டன். என்ரை கையாலை நானே என்னைக் கெடுத்துக்கொண்டன்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் உன் தோளைத் தட்டி, "விடு மச்சான், நான் ஒன்றும் மனசில் வைக்கவில்லை" என்றேன்.

கொழும்பில் இறங்கியதும் போலீஸ்காரர்கள் உன்னைக் கூட்டிப் போனார்கள். மூன்று வருஷம் ஜெயில். வெளியே வந்து, கனடா போய்ச் சேர்ந்து, முதல் கடிதம் போட்டாய். கோழி கிண்டியது போல எழுத்து. "வலது கை விரல் மடங்காது, இடக்கையாலை எழுதுறன். ஜெயிலுக்குள்ளை என்ன நடந்தது எண்டு கேளாதை. உன்ரை பல்லுக்கு என்ன செய்தாய்?" அதற்குப் பிறகு வந்த கடிதமெல்லாம் பல்லை விசாரித்தன. கட்டிக்கொண்டாயா, சாப்பிட முடிகிறதா, இன்னும் கோபமா. ஒவ்வொன்றுக்கும் நான் உட்கார்ந்து பதில் எழுதினேன்: உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன் மச்சான் என்று. இருபது வருஷத்துக்கு மேல், அந்த விரலோடு நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.